பெட்டி உடைந்தால் பாட்டு நிற்குமா?

முன்னுரை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது பழமொழி. ஆர்மோனியத்தின் மரப்பெட்டியையும் நாம் அதற்கு உடுத்திய ஆடை என்றே எண்ணி வந்தோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை 2024-ஆம் ஆண்டின் மழை நமக்குக் கற்றுத் தந்தது.

அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டியது. கோரிமேடு பெயருக்கேற்ற மேட்டு நிலம். ஆதலால் நகரின் தாழ்ந்த தெருக்களில் புகுந்ததுபோல் வெள்ளம் நம்மிடம் புகவில்லை. ஆனால் பாட்டு அறையின் சுவர் ஓதம் ஏறி ஊறிப் போயிற்று. அச்சுவரை ஒட்டித்தான் நம் பழைய கால் ஆர்மோனியம் நின்றது. மழை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது அதன் பின்பலகை உப்பியிருந்தது. அடிப்பலகையை விரலால் தொட்டால் விரல் உள்ளே போயிற்று. வெகுநாளாக உள்ளிருந்து தின்ற கரையானின் வேலையை ஈரம் வெளிப்படுத்திவிட்டது! மிதித்துப் பார்த்தோம், காற்றுச் சீறியதே தவிரப் பாட்டு எழவில்லை.

"இதை எடுத்துப் போட்டுவிட்டு மின்சாரக் கீபோர்டு ஒன்று வாங்கிவிடலாம்" என்றனர் சிலர். "உள்ளிருப்பதை எடுத்து, ஒட்டுப்பலகையில் புதிய பெட்டி செய்யலாம்" என்றனர் வேறு சிலர். "பழுது பார்க்க முடியுமா என்று முதலில் ஓர் அறிந்தவரைக் கேட்போம்" என்றார் தலைமைச் சகோதரி. இம்மூன்றில் எது சரி? ஏன் சரி? இவ்விரு கேள்விகளுக்கும் நாங்கள் கண்ட விடையே இக்கட்டுரை.

ஆர்மோனியம் வந்த வழி

ஆர்மோனியம் நம் நாட்டுக் கருவியன்று. சீனாவில் பழங்காலந்தொட்டு வாயால் ஊதி வாசிக்கப்படும் ஷெங் என்னும் கருவியில், காற்றுப் பட்டால் தானே அதிரும் மெல்லிய நாக்குகள் உண்டு. அதே தத்துவத்தில் ஐரோப்பியர் பல கருவிகளைச் செய்து பார்த்தனர். 1840-களின் தொடக்கத்தில் பாரிசு நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் தாம் செய்த கருவிக்கு ஆர்மோனியம் எனப் பெயரிட்டு உரிமை பெற்றார். பெரிய ஆலயங்களில் உள்ள குழல் ஆர்கனுக்குப் பெரும்பொருள் வேண்டும்; சுவரளவு இடமும் வேண்டும். ஆர்மோனியமோ ஒரு மேசை அளவே. வெப்ப நாடுகளில் பியானோவின் கம்பிகள் விரைவில் சுருதி இழக்கும். பித்தளை நாக்குகள் எளிதில் இழப்பதில்லை. எனவே மிஷனரிகள் சென்ற இடமெல்லாம் ஆர்மோனியமும் சென்றது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம் புதுச்சேரிக்கும் அது வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஆலயத்துக்கு வந்த கருவி விரைவிலேயே நாடக மேடையும் ஏறியது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில்தான் மறைந்தார். அவரது நினைவிடம் நமக்கு அண்மையில் கருவடிக்குப்பத்தில் உள்ளது. அவர் எழுதிய நாடகங்களை நடிப்போர்க்கு ஆர்மோனியக்காரர் வலக்கை போன்றவர். பெட்டியை வாசித்துக்கொண்டே பின்பாட்டும் பாடுவார்.

பாடுவோரின் சுருதியை நாம் "ஒரு கட்டை, ஐந்து கட்டை" என்று சொல்கிறோமே, அந்தக் கட்டை எது தெரியுமா? ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைதான். ஸி என்னும் கட்டை முதற்கட்டை. அதிலிருந்து எண்ணினால் ஜி ஐந்தாவது. பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையை ஒட்டிப் பாடுவர். கருவியை வெறுப்பவர்கூட அதன் அளவையை விட முடியவில்லை!

வெறுத்தவரும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் ஆர்மோனியத்தைக் கண்டித்து எழுதினார். நம் இசைக்கு உயிரான கமகத்தை நின்ற நிலையில் ஒலிக்கும் கட்டைகளால் காட்ட இயலாது என்பது இசையறிஞர் பலரின் குறை. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. ஆயினும் கூடிப் பாடும் இடங்களில், சுருதி தப்பாமல் ஐம்பது குரல்களைக் கட்டி இழுத்துச் செல்ல அதுபோல் உதவிய கருவி வேறில்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கால் ஆர்மோனியத்தில் இரண்டு மிதிகள் உண்டு. அவற்றை மாறி மாறி மிதித்தால் இரு சிறு துருத்திகள் காற்றை வாங்கி, மேலே உள்ள பெரிய துருத்திக்கு அனுப்பும். அங்கே காற்றுச் சேமிக்கப்பட்டு ஒரே சீராக அழுத்தப்படும். அதன்மேல் ஒரு பலகை. அதில்தான் ரீடுகள் எனப்படும் பித்தளை நாக்குகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே தோல் ஒட்டிய சிறு மூடி ஒன்று காற்று வழியை அடைத்து நிற்கும். கட்டையை அழுத்தினால் மூடி திறக்கும், காற்றுப் பாயும், நாக்கு அதிரும், சுரம் பிறக்கும். நம் கருவியில் ஐந்து ஸ்தாயிகள், 61 கட்டைகள்.

இந்த மூடி தன் துளைமேல் முழுவதும் பொருந்தி உட்கார வேண்டும். ஒரு நூல் அளவு இடைவெளி விட்டாலும், கட்டையைத் தொடாமலேயே சுரம் ஓயாது ஊதிக்கொண்டிருக்கும். மூடி சரியாக உட்காரப் பலகை சமமாக இருக்க வேண்டும். பலகை சமமாக இருக்க அதைத் தாங்கும் பெட்டி முறுக்காமல் இருக்க வேண்டும். எனவே பெட்டி கோணினால் பாட்டும் கோணும். பெட்டி ஆடை என்று நாம் எண்ணியது தவறாயிற்று, எலும்புக்கூடே அதுதான்.

அவ்வெலும்புக்கூட்டுக்கு இரு பகைவர். முதற்பகை ஈரம். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால், மரத்துக்குள் அதன் உலர்ந்த எடையில் சுமார் 9 விழுக்காடு நீர் இருக்கும். ஈரப்பதம் 80 விழுக்காடாகி நெடுநாள் நின்றால் மரத்தின் நீரும் சுமார் 16 விழுக்காடாக உயரும். மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதேயில்லை. அகலவாட்டில்தான் விரிந்து சுருங்கும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் விரிந்து, சித்திரை, வைகாசியில் சுருங்கும் பலகை, ஆண்டுதோறும் தன் மூட்டுகளைத் தானே இழுத்துக்கொள்கிறது. இரண்டாம் பகை கரையான். தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் அதை எளிதில் அணுகாது. ஆனால் ஐரோப்பாவில் செய்த பெட்டிகள் பலவற்றில் மேலே அழகிய மரத்தின் மெல்லிய தோல். உள்ளே மென்மையான மரம். வெப்ப நாடுகளுக்கென்றே செய்த கருவிகளில் பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகாணிகளும் வைத்தனர். நம் பெட்டி அவ்வகையைச் சேர்ந்ததன்று.

நாங்கள் செய்த தவறு

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நனைந்த துணியை வெயிலில் உலர்த்துவதில்லையா? அதுபோலவே எண்ணி, யாரையும் கேளாமல் நாங்கள் எண்மர் சேர்ந்து ஆர்மோனியத்தைத் தூக்கிச் சென்று முற்றத்து வெயிலில் வைத்தோம். நற்செயல் புரிந்த மகிழ்ச்சியோடு வகுப்புக்குச் சென்றோம். மாலை மணி அடிக்கும் முன்பே "டப்" என்றோர் ஓசை. ஓடிப்போய்ப் பார்த்தால், மழையில் தப்பிய வலப்பக்கப் பலகை மேலிருந்து கீழாகப் பிளந்து கிடந்தது!

மறுநாள் வந்த தச்சர் பெரியவர் அப்பிளவைத் தடவிப் பார்த்தார். "மழை செய்ததைவிட வெயில் செய்ததுதான் அதிகம், பாப்பா. மேற்புறம் ஒரே நாளில் காய்ந்து சுருங்கும். உட்புறம் ஈரத்தோடு விரிந்தே நிற்கும். பாவம், மரம் என்ன செய்யும்? கிழியத்தானே வேண்டும்!" என்றார். எங்களைக் கடியவில்லை. அதனாலேயே எங்களுக்கு அழுகை வந்தது. நனைந்த மரக்கருவியை நிழலில், காற்றோட்டத்தில், பின்பலகையைத் திறந்துவைத்து, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உலர்த்த வேண்டும் என்பதே நாங்கள் விலை கொடுத்துக் கற்ற முதற்பாடம்.

முதலில் நோயறிதல்

கோரிமேட்டில் வாழும் நமக்கு ஜிப்மர் மருத்துவமனையைத் தெரியாதா? கை ஒடிந்து வருகிறவரை அங்கே யாரும் கைவிடுவதில்லை. சோதிக்காமல் கத்தியையும் எடுப்பதில்லை. பெரியவரும் அவ்வாறே செய்தார். அவர் மூன்று கேள்விகள் கேட்டார்.

முதற்கேள்வி: "குரல் இருக்கிறதா?" ரீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பித்தளையை ஈரம் கறுக்கச் செய்யுமே தவிர எளிதில் அரிக்காது. நாக்குகளில் பெரும்பாலானவை நலமாகவே இருந்தன. அவற்றின்மேல் மென்தூரிகையை ஓட்டினாலே போதும். உப்புத்தாளால் தேய்த்தால் கெடுதி. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும்.

இரண்டாம் கேள்வி: "விட்டது மூட்டா, மரமா?" மூட்டு விட்டிருந்தால் மரத்துக்குக் கேடில்லை, மறுபடி ஒட்டினால் தீர்ந்தது. மரமே போயிருந்தால்தான் புதுமரம் வேண்டும். ஊசியால் குத்திப் பார்த்தார். ஊசி இறங்கிய இடமெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். அடிப்பலகை முழுவதும் வட்டங்கள். பின்பலகையின் கீழ்ப்பாதியிலும் வட்டங்கள். பக்கப் பலகைகளில் மூட்டு மட்டுமே விட்டிருந்தது, நாங்கள் பிளந்ததைத் தவிர!

மூன்றாம் கேள்வி: "முன்பு யார் கை வைத்தது?" பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் இரும்பாணி அடித்து, வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தார். ஆணி துருப்பிடித்து மரத்தைக் கறுக்க வைத்திருந்தது. பழைய ஒட்டுகளைப் பிரிக்க அவருக்கு நேரமே பிடிக்கவில்லை. இந்த வெள்ளைப் பசையைப் பிரிக்கத்தான் இரண்டு நாள் பிடித்தது. "பழுது பார்ப்பவன் தனக்குப் பின்னால் வருபவனை நினைத்து வேலை செய்ய வேண்டும்" என்றார் பெரியவர். இவ்வொரு சொல் அந்த ஆறு வாரமும் எங்கள் காதில் ஒலித்தது.

பழுது பார்த்த முறை

பிரிக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்தோம். கழற்றிய ஒவ்வொரு துண்டின் உட்புறத்திலும் பென்சிலால் எண் இட்டோம். திருகாணிகளைத் தனித்தனித் தீப்பெட்டிகளில் இட்டு, அவற்றின்மேலும் எண் எழுதினோம். உளுத்த துண்டையும் எறியவில்லை; புதுத் துண்டுக்கு அதுவே அளவுகோல். பலகையின் கனம் சிறிது மாறினாலும் உள்ளே மூடிகள் பொருந்தா.

கரையான் தின்ற பகுதியை உறுதியான மரம் தெரியும் வரை பெரியவர் வெட்டி எடுத்தார். எஞ்சிய மரத்தில் வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசி நன்கு உலரவிட்டார். இவ்வேலையைப் பெரியவர்களே கையுறை அணிந்து செய்ய வேண்டும். நாம் எட்ட நின்று பார்ப்பதே முறை.

அடிப்பலகைக்குப் புதுத் தேக்கு வைத்தார். பின்பலகையில் கீழ்ப்பாதியை மட்டும் மாற்றினார். பழையதும் புதியதும் சேரும் விளிம்புகளை நேராக வெட்டாமல் சாய்வாகச் சீவினார். சாய்ந்த விளிம்பில் பசை பிடிக்கும் பரப்பு அதிகம். புதுமரத்தின் ரேகை பழைய மரத்தின் ரேகையோடு ஒரே திசையில் ஓடவேண்டும். இல்லையேல் அடுத்த மழையில் ஒன்று ஒருபுறமும் மற்றொன்று வேறுபுறமும் இழுக்கும்.

ஒட்டுவதற்கு அவர் எடுத்தது வச்சிரம். மாட்டுத் தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுக்கும் பழங்காலப் பசை அது. கட்டியை இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். 60 டிகிரி செல்சியசு அளவே போதும். கொதித்தால் பசையின் வலிமை போய்விடும். சூட்டோடு தடவி, உடனே சேர்த்து, கயிற்றால் இறுகக் கட்டி, ஆப்பு வைத்து ஒரு நாள் விட வேண்டும். வச்சிரத்தின் சிறப்பு இதுதான்: என்றேனும் பிரிக்க நேர்ந்தால் வெதுவெதுப்பான நீரும் மெல்லிய கத்தியும் போதும்; மரம் சேதமடையாது. பின்னால் வருபவனை நினைத்துச் செய்வது என்றால் என்ன என்பது எங்களுக்கு அப்போது விளங்கியது.

மெருகுக்கு அவலரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினை அவல்போல் தட்டையாக்கியது அது. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைப் பழந்துணியில் பொதிந்து, நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு பூச்சுக் காய்ந்த பின் அடுத்த பூச்சு. இதற்கு உலகெங்கும் பிரெஞ்சு பாலிஷ் என்றே பெயர். தேய்க்கும் வேலை எங்களுடையது. எத்தனை முறை தேய்த்தோமோ, கணக்கில்லை!

சில கட்டைகளின்மேல் ஒட்டியிருந்த வெண்தகடுகள் உதிர்ந்திருந்தன. அவை தந்தத் தகடுகள். இந்திய யானைத் தந்த வணிகம் 1986-லும், ஆப்பிரிக்கத் தந்த வணிகம் 1991-லும் நம் நாட்டில் சட்டப்படி நிறுத்தப்பட்டன. ஒரு சுரத்துக்காக ஓர் யானை உயிர்விட வேண்டா. உதிர்ந்தவற்றுள் கிடைத்தவற்றை மீண்டும் ஒட்டினோம். கிடைக்காத இடங்களில் பிளாஸ்டிக் தகடு வைத்தோம்.

எப்போது மாற்றலாம்?

அப்படியானால் பெட்டியை மாற்றுவதே பாவமா? இல்லை. பெட்டியை மாற்றியதால்தான் இந்தியாவுக்கு அதன் ஆர்மோனியம் கிடைத்தது! ஐரோப்பியக் கருவி நாற்காலியில் அமர்ந்து மிதிக்க வேண்டியது. நம்மவரோ தரையில் அமர்ந்து பாடுகிறவர். கல்கத்தாவில் துவார்கின் நிறுவனத்தைத் தொடங்கிய துவாரகாநாத் கோஷ், 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில், கையால் துருத்தி அசைக்கும் சிறுபெட்டி ஆர்மோனியத்தைப் பரப்பினார். மிதிகள் போயின, கால்கள் போயின, பித்தளை நாக்குகள் மட்டும் அதே தத்துவத்தில் பாடின. பின்னாளில் நாக்குகளும் இங்கேயே செய்யப்பட்டன. குஜராத்தில் உள்ள பாலிதானா அவற்றுக்குப் பெயர் பெற்றது.

ஆகவே பெரியவர் சொன்ன கணக்கு இது. மூட்டு விட்டால் ஒட்டு. பலகையில் ஒரு பகுதி போனால் அப்பகுதியை மாற்று. ஒரு பலகையில் பாதிக்கு மேல் போனால் அப்பலகையை மாற்று. எல்லாப் பலகையும் போனால் மட்டுமே பெட்டியை மாற்று. அப்போதும் ரீடு, கட்டை, துருத்தி ஆகியவற்றைக் காப்பாற்று. ஒட்டுப்பலகையில் பெட்டி செய்தால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் நீர் பட்டால் மலிவான ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகப் பிரியும். கனமும் பழைய அளவோடு ஒத்துவராது.

மின்சாரக் கீபோர்டை நாங்கள் பழிக்கவில்லை. அதில் நூறு குரல்கள் உண்டு. தூக்கிச் செல்வது எளிது. ஆனால் அதன் உள்ளே ஒரு சில்லு கெட்டு, அதே சில்லு கடையில் கிடைக்காமற் போனால், எந்தத் தச்சராலும் எந்தச் சிறுமியாலும் அதை மீட்க முடியாது. இரண்டும் இருக்கட்டும், ஒன்றுக்காக மற்றொன்றை எறிய வேண்டா என்பதே எங்கள் முடிவு.

இனிக் காக்கும் வழி

உங்கள் வீட்டிலும் பாட்டனார் காலத்து ஆர்மோனியமோ, பியானோவோ இருக்கலாம். பெற்றோருக்கும் சேர்த்தே இவற்றைச் சொல்கிறோம். கருவியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காலடியில் சிறு கற்களோ மரக்கட்டைகளோ வைத்துத் தரையினின்று உயர்த்துங்கள். சன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை பின்பலகையைத் திறந்து விளக்கொளியில் பாருங்கள். சுவரில் மண்ணால் ஒரு கோடு தெரிந்தால் அது கரையான் வரும் பாதை, அன்றே கவனியுங்கள். மேலே பூச்சாடி வைப்பதை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் சிறிது நேரமாவது வாசியுங்கள். துருத்தி அசைந்தால் உள்ளே காற்று நடமாடும், பூச்சி தங்காது, குறையும் உடனே தெரியவரும். நம் ஆர்மோனியம் கெட்டதற்கு மழை மட்டும் காரணமன்று. அதற்கு முன் பல மாதங்கள் நாம் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

முடிவுரை

ஆறு வாரம் சென்றபின் ஒரு சனிக்கிழமை மாலை பெரியவர் கடைசித் திருகாணியை முடுக்கினார். "மிதி, பாப்பா" என்றார். எங்களுள் ஒருத்தி மிதித்தாள். பெரிய துருத்தி மூச்சிழுத்து எழும்பியது. முதற்கட்டையை அழுத்தினாள்; சுரம் எழுந்தது. அறையில் இருந்த யாரும் பேசவில்லை. பாட்டு அறைப் பொறுப்புச் சகோதரி மட்டும் மெல்லக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாம் பாட்டுக் கற்றதே இந்தப் பெட்டியில்தான் என்று பிறகு சொன்னார்.

வலப்பக்கப் பலகையில் நாங்கள் உண்டாக்கிய பிளவில் பெரியவர் மெல்லிய தேக்குச் சீவல் ஒன்றைச் செருகி ஒட்டியிருக்கிறார். அரக்கு பூசியும் அந்தக் கோடு வெளிறித் தெரிகிறது. "நிறம் ஏற்றி மறைக்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டா, தாத்தா; இருக்கட்டும்" என்றோம். இனி இப்பள்ளியில் பாட வருகிற தங்கையர் அக்கோட்டைக் கண்டு, இது என்ன என்று கேட்பார்கள். நனைந்த மரத்தை வெயிலில் வைக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரேனும் சொல்வார்கள். புது அடிப்பலகையின் உட்புறத்தில், பின்னால் வருபவர் காணும்படி, பழுது பார்த்த ஆண்டையும் ஒட்டியது வச்சிரம் என்பதையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.

பெட்டி உடைந்தால் பாட்டு நிற்குமா? சில நாள் நிற்கும். பொறுமையுள்ள கைகள் இருந்தால் மீண்டும் தொடங்கும். அத்தகைய கைகள் நம்முடையவை ஆகட்டும்!